நோயுற்ற குழந்தையின் தலைமாட்டில்

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வது, நம்மிடையே இன்னும் மறைந்துவிடாமல் இருக்கும் ஸுன்னத்துகளில் ஒன்று. மஹல்லாவில் ஒருவர் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் அஸருக்குப் பின் நாலு பேராகச் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். பெண்கள் பகல் வேலை முடிந்ததும் போய் வருகிறார்கள். போன இடத்தில் நாம் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் ஒரே ஆறுதல்தான். "மனசத் தளர விடாதீங்க, எல்லாம் பாவம் கழியுது" என்போம்.

அறுபது வயதைக் கடந்த ஒருவருக்கு இது பெரிய ஆறுதல்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று, இரத்தப் புற்றுநோய் கண்டு, தலைமுடியெல்லாம் கொட்டிப்போய், கையில் ஊசிக் குழாயுடன் படுத்திருக்கிறது. அதன் தலைமாட்டில் நின்றுகொண்டும் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வருகிறோம். எந்தப் பாவம்? யாருடைய பாவம்? இதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

இந்த வார்த்தைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், காய்ச்சலில் கிடந்த ஒரு கிராமத்து அரபியைப் பார்க்கச் சென்றபோது, பயப்பட ஒன்றுமில்லை, அல்லாஹ் நாடினால் இது தூய்மைப்படுத்தும் என்ற கருத்தில் ஆறுதல் கூறியதாக ஸஹீஹ் புகாரியில் வருகிறது. அந்த அரபி சொன்ன மறுமொழியும் அதே ஹதீஸில் இருக்கிறது. வயது முதிர்ந்த கிழவனைக் கொதிக்க வைக்கும் காய்ச்சல் அல்லவா இது என்றார் அவர். ஆக, இந்த ஆறுதல் சொல்லப்பட்டது ஒரு முதியவருக்கு. சிறுவர்களிடம் இதைச் சொல்லக் கூடாது என்று தடை இருப்பதாக நாம் கூறவில்லை. ஆனால் சிறுவர்கள் விஷயத்தில் ஷரீஅத்தின் அடிப்படை வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

பருவமடையும் வரை சிறுவனை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நாம் எல்லோரும் ஓதியுள்ள ஹதீஸ். அவனுக்குப் பாவம் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத பாவம் எப்படிக் கழியும்? அதே சமயம் அவன் செய்யும் நன்மை வீணாவதும் இல்லை. ஹஜ்ஜுப் பயணத்தில் ஒரு பெண்மணி தம் குழந்தையைத் தூக்கிக் காட்டி, இதற்கும் ஹஜ் உண்டா என்று கேட்டபோது, ஆம், உமக்கும் நன்மை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். வரவுப் பக்கம் மட்டுமே உள்ள கணக்கு ஏடு என்று குழந்தையின் ஏட்டைச் சொல்லலாம். அந்தப் பிள்ளை வலியோடு சொல்லும் ஒரு "யா அல்லாஹ்" அதில் வரவாக ஏறுகிறது; கழிப்பதற்கு எதுவும் இல்லை.

அப்படியானால் பெற்றோரின் பாவமா? இதையும் சிலர் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். குறிப்பாகப் பெற்ற தாயைச் சுற்றி நின்று, கர்ப்பத்தில் அதைச் செய்தாயா, இதைத் தின்றாயா, யாருடைய மனதை நோகடித்தாய் என்றெல்லாம் விசாரணை நடத்துகிறார்கள். ஓர் ஆத்மாவின் சுமையை இன்னோர் ஆத்மா சுமக்காது என்பதைத் திருக்குர்ஆன் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் சொல்கிறது. அத்தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இப்படிப் பேசுகிறவர்கள் அந்த வசனங்களை ஓதாதவர்கள் அல்லர். ஓதியது நெஞ்சில் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

பெரியவர்கள் காதோடு விட்டுவிடும் வார்த்தையைப் பிள்ளைகள் மனதோடு எடுத்துக்கொள்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் மக்தபில் ஓதிக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்நோய் கண்டு சென்னைக்குக் கொண்டு போயிருந்தார்கள். நாம் பார்க்கச் சென்ற அன்று, அவனுடைய உம்மா வெந்நீர் வாங்க வெளியே போகும் வரை பேசாமல் இருந்தான். போனதும், "ஹஜ்ரத், போன நோம்புல யாருக்கும் தெரியாம கொல்லையில போயித் தண்ணி குடிச்சேன். அதுக்குத்தானா அல்லாஹ் இதத் தந்தான்?" என்று கேட்டான். முந்தின நாள் வந்துபோன உறவினர் ஒருவர் பாவம் கழிவதைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளை இரவெல்லாம் தன் பாவத்தைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தது.

"உன் மேல நோன்பு இன்னும் கடமையே ஆகல வாப்பா. நீ குடிச்சது குத்தமே இல்ல" என்றோம். "எழுதியிருக்க மாட்டாங்களா?" என்று மறுபடியும் கேட்டான். "எழுதவே இல்ல" என்று உறுதியாகச் சொன்னோம். அதற்குப் பிறகுதான் நாம் கொண்டுபோன ஆரஞ்சை உரித்துத் தரச் சொன்னான்.

குழந்தைகளின் மனதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இதை வழக்கமாகக் காணப்படும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். தான் நினைத்ததாலும் தான் செய்ததாலும் உலகில் காரியங்கள் நடப்பதாகச் சிறு பிள்ளைகள் எண்ணுகின்றன. தம்பியை அடித்ததால் நோய் வந்தது, உம்மாவிடம் பொய் சொன்னதால் வந்தது என்று அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். எனவே கேட்காவிட்டாலும் நாமாகவே சொல்லிவிட வேண்டும்: இது நீ செய்த எதனாலும் வந்ததல்ல, அல்லாஹ் உன்மீது கோபமாக இல்லை. ஒரு முறை சொன்னால் போதாது. ஒவ்வொரு முறை ஊசி வலிக்கும்போதும் அந்தச் சந்தேகம் திரும்ப வரும்.

"அப்படியானால் ஏன் எனக்கு மட்டும்?" என்று கேட்டால்? நமக்குத் தெரியாது என்பதே சரியான விடை. அதன் ஹிக்மத்தை அல்லாஹ் அறிவான் என்று சொல்வது மார்க்கத்தில் குறைவான பதில் அல்ல. மூஸா (அலை) அவர்களுக்கே பொறுத்துக்கொள்ள முடியாமல் போன இரகசியங்கள் கஹ்ஃபு சூராவில் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு, "நீ நல்லா துஆ கேட்டா சுகமாயிடும்" என்று குழந்தையிடம் சொல்லிவிடாதீர்கள். நாளைக்குச் சுகமாகவில்லை என்றால், தன் துஆ நல்ல துஆ இல்லை என்று அது முடிவு கட்டிக்கொள்ளும். "துஆ கேட்போம், அல்லாஹ் கேட்டுக்கொண்டிருக்கிறான், நாங்களும் உன்னோடு இருக்கிறோம்" என்பது வரையில் சொல்லலாம். அதில் பொய் இல்லை.

மறைப்பதால் மறையுமா?

நம் வீடுகளில் பிள்ளையிடம் நோயின் பெயரையே சொல்வதில்லை. "சும்மா காய்ச்சல்தான்" என்று சொல்லியே அடையாறு வரை அழைத்துப் போகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபின் "ஊசி போட மாட்டாங்க" என்கிறார்கள். உள்ளே போனதும் நாலு பேர் பிடித்துக்கொள்ள, முதுகுத் தண்டில் ஊசி இறங்குகிறது. அடுத்த தடவை அந்தப் பிள்ளை யாரை நம்பும்?

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் தம் சிறு வயதில் நடந்ததாக அறிவிக்கும் ஒரு ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. அவர்களுடைய தாயார், இங்கே வா, ஒன்று தருகிறேன் என்று அவர்களை அழைத்தார்கள். அப்போது அவர்கள் வீட்டில் அமர்ந்திருந்த நாயகம் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தீர் என்று விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். நீர் எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று எச்சரித்தார்கள். விளையாட்டாகக் குழந்தையிடம் சொல்லும் சிறு பொய்க்கே இந்த எச்சரிக்கை என்றால், அதன் உடம்பில் நடக்கப்போகும் காரியத்தில் சொல்லும் பொய்யை என்னவென்பது? "ஊசி போடுவாங்க. வலிக்கும். கொஞ்ச நேரந்தான். நான் கையப் பிடிச்சிக்கிறேன்" என்று சொன்னால் பிள்ளை அழத்தான் செய்யும். ஆனால் நம்மை நம்பி அழும்.

நாம் மறைத்தாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது என்பதுதான் உண்மை. மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர், இரத்தப் புற்றுநோயால் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வயது முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளோடு பழகி, 1978-ல் ஒரு நூல் வெளியிட்டார். யாரும் சொல்லாமலே அப்பிள்ளைகள் தங்கள் நோய் எவ்வளவு கடுமையானது என்பதை அறிந்திருந்தார்கள். சாவு நெருங்குவதையும் அறிந்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளை திரும்பி வராததைக் கண்டார்கள். பெரியவர்கள் வாசலில் நின்று கிசுகிசுப்பதைக் கேட்டார்கள். ஆனால் பெற்றோர் வருந்துவார்களே என்று தெரியாதது போல் நடித்தார்கள். பெற்றோர் பிள்ளைக்காக நடிக்க, பிள்ளை பெற்றோருக்காக நடிக்க, இருவரும் தனித்தனியே தலையணையில் முகம் புதைத்து அழுதால் அதில் யாருக்கு என்ன லாபம்?

இந்த இடத்தில் நம் சமுதாயத்து வழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். யாஸீன் சூராவின் சிறப்பை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் ஊர்களில் நாலு பேர் கூடி ஒருவருடைய கட்டிலைச் சுற்றி யாஸீன் ஓதினால் அதற்கு என்ன அர்த்தம் என்பது பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். நன்னாவின் மவ்த்தின்போது அவன் அதைப் பார்த்திருக்கிறான். தன் கட்டிலைச் சுற்றி அதே ஓதலைக் கேட்டால் அவன் மனம் என்ன பாடுபடும்? வீட்டில் இருந்தபடியே ஓதி துஆ கேளுங்கள், யார் தடுக்கிறார்கள்? பிள்ளையின் பக்கத்தில் ஃபாத்திஹாவும், அது மனனம் செய்த குல்ஹுவல்லாஹுவும் போதும். அதையும் அதனோடு சேர்ந்தே ஓதுங்கள்.

எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்பது வயதைப் பொறுத்தது. நாலைந்து வயதுக்கு, "உன் இரத்தத்துல ஒரு நோய். அதுக்குப் பேரு லுகேமியா. அதத் துரத்த டாக்டர் மருந்து தர்றாங்க. அந்த மருந்தால முடி கொட்டும், அப்புறம் முளைக்கும்" என்பது போதும். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது போதாது. அது கேட்கும் கேள்விகளை டாக்டரிடமே நேராகக் கேட்க விடுங்கள்.

ஓதிப் பார்ப்பதும் மருந்தும்

மஃரிபு தொழுதுவிட்டு வெளியே வந்தால் பள்ளிவாசல் வாசலில் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் நிற்பதை எல்லா ஊர்களிலும் காணலாம். வேற்று மதத்துத் தாய்மார்களும் நிற்கிறார்கள். ஓதிப் பார்ப்பது ஸுன்னத்தில் உள்ளதே. நாயகம் (ஸல்) அவர்கள் நோயுற்றவர் மீது தம் வலக் கையை வைத்துத் தடவி, மனிதர்களின் இரட்சகனிடம் அந்நோயைப் போக்கும்படி இறைஞ்சியிருக்கிறார்கள். பேரர்களான ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும், இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மக்களுக்காக ஓதிய அதே வாசகத்தால் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் ஓதுகிறவர் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோதெரபி மருந்து, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது. நமக்கு ஒரு நாள் தும்மலோடு போகும் கிருமி, அப்பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். ஓதி ஊதுவது ஹதீஸில் வந்திருக்கிறது; ஆனால் அது ஷர்த்து அல்ல. எனவே சளி, இருமல் உள்ளவர் ஊத வேண்டாம். பலர் கைபட்ட தண்ணீரில் ஊதிக் குடிக்கக் கொடுக்கவும் வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிள்ளையின் நெற்றியில் வைத்து, ஊதாமலே ஓதலாம். அதைவிட மேலானது, அந்தத் தாய்க்கும் தந்தைக்கும் அந்த துஆக்களைக் கற்றுக்கொடுத்துவிடுவது. உம்மாவின் கை நெற்றியில் இருப்பதைவிட எந்த ஹஜ்ரத்தின் கையும் பிள்ளைக்குப் பெரிதல்ல. கயிறு, தாயத்து பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இங்கே கிளறப் போவதில்லை. அழுக்கேறிய கயிறு ஊசி ஏற்றும் கைக்கு ஆகாது என்பதில் கருத்து வேறுபாடே இல்லை.

மருந்தை நிறுத்திவிட்டு ஓதிப் பார்ப்பதும், நேர்ச்சைக்குக் கிளம்புவதும் முற்றிலும் வேறு விஷயம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி ஏவப்பட்ட சமுதாயம் நாம். குழந்தைகளின் புற்றுநோய்களில் அதிகமாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோயே. அதற்கான சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிப்பது. முதல் மாத மருந்திலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரத்தத்தில் நோயின் அடையாளம் மறைந்துவிடுகிறது. உடனே, "சுகமாயிடுச்சு, ஓதினது பலிச்சிடுச்சு" என்று ஊருக்குத் திரும்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மறைந்திருக்கும் நோய் சில மாதங்களில் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வருகிறது. செல்வ நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர் கூடத் தேறுவதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாமதமாக நோயைக் கண்டுபிடிப்பதும், சிகிச்சையைப் பாதியில் விடுவதும் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானவை. நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்று நம்புகிறவர்கள், அந்த மருந்தை முழுவதும் கொடுத்து முடிக்க வேண்டாமா?

காய்ச்சல் கண்டால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். ஓதுவதை வண்டியில் போகும்போதே ஓதிக்கொள்ளலாம்.

பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். இந்நோய் யாருக்கும் தொற்றாது. ஆகையால் தங்கள் பிள்ளைகளை அப்பிள்ளையோடு விளையாட விடாமல் இழுத்துக்கொள்வது கொடுமை. அம்மை, தட்டம்மை, சளி இருக்கும் வீட்டிலிருந்து போகாமல் இருப்பதோ கடமை. போனாலும் சுருக்கமாக இருந்துவிட்டு எழுந்திருங்கள். இன்னாருடைய பிள்ளைக்கும் இதே நோய் வந்து மவ்த்தாகிவிட்டது என்ற செய்தியை மட்டும் தயவு செய்து வாசலோடு விட்டுவிட்டுப் போங்கள்.

அழுகையும் ஸப்ரும்

"முஸ்லிம் புள்ள அழலாமா? ஸப்ரு செய்யணும்" என்று நாலு வயதுக் குழந்தையிடம் சொல்கிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஸப்ரு என்றால் வாய் திறக்காமல் இருப்பது என்று யார் சொன்னது? அய்யூப் (அலை) அவர்கள் தமக்குத் துன்பம் தீண்டிவிட்டதைத் தம் இரட்சகனிடம் முறையிட்டார்கள். அந்த முறையீட்டுக்குப் பிறகும் அவர்களைப் பொறுமையாளர் என்றே அல்லாஹ் புகழ்கிறான். யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் அழுதழுது வெளுத்துப் போயின. நாயகம் (ஸல்) அவர்கள் தம் அருமை மகனார் இப்ராஹீமின் மூச்சு அடங்கும்போது கண்ணீர் வடித்தார்கள். மகளாரின் குழந்தை மரணத் தறுவாயில் இருந்தபோதும் அவர்கள் கண்கள் நனைந்தன. ஸஃது இப்னு உபாதா (ரலி) வியந்து கேட்டபோது, இது அல்லாஹ் தன் அடியார்களின் உள்ளங்களில் வைத்த இரக்கம் என்று விளக்கினார்கள்.

பிள்ளையின் துக்கம் நமக்கு அற்பமாகத் தெரியலாம். அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் வளர்த்த சிட்டுக்குருவி போன்ற ஒரு பறவை செத்துப்போயிற்று. பிள்ளை வாடியிருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், பறவைதானே, போகட்டும் என்று சொல்லவில்லை. அப்பறவையின் பெயரைச் சொல்லியே, அது என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தைக்குத் தலைமுடி முழுவதும் கொட்டிவிட்டால் அது அழும். "முக்காடு போட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்று அடக்கிவிடாதீர்கள். அதற்குத் தெரியும் அல்லவா? கொட்டிய முடிக்காக அது ஒரு நாள் அழுது தீர்க்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

வேறு சில நாட்களில் பிள்ளை காரணமில்லாமல் கத்தும், தட்டை வீசும், நள்ளிரவில் பசி என்று கேட்கும். வளர்ப்பு சரியில்லை என்று பாட்டிமார் முணுமுணுப்பார்கள். சிகிச்சையில் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளுக்கு இந்தக் குணம் உண்டு. பசியைத் தூண்டும், தூக்கத்தைக் கெடுக்கும், மனதை அலைக்கழிக்கும். அந்த மாத்திரை நின்றதும் பிள்ளை பழையபடி ஆகிவிடும். எழுதுகோல் உயர்த்தப்பட்ட பிள்ளையை, மருந்தின் குற்றத்துக்காக நாம் தண்டிக்க வேண்டாம்.

தொழுகையைப் பற்றியும் கேட்கிறார்கள். ஏழு வயதில் ஏவ வேண்டும் என்பது பழக்குவதற்காக. நோயில் கிடக்கும் பிள்ளையை வாட்டுவதற்காக அல்ல. அதுவாக விரும்பினால் படுத்தபடியே சைகையால் தொழட்டும். "நேத்து தொழலியே, மக்தபுக்குப் போகலியே" என்று அது ஏங்கினால் அதற்குச் சொல்ல ஓர் அருமையான ஹதீஸ் இருக்கிறது. ஆரோக்கியமாக இருந்தபோது செய்துவந்த அமல், நோயிலும் பயணத்திலும் செய்ய முடியாமல் போனாலும் செய்தது போலவே எழுதப்படுகிறது. "நீ இங்க படுத்திருக்கே, மக்தபுல உன் ஹாஜர் போட்டுட்டிருக்காங்க" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

பருவமடைந்த பிள்ளைகளுக்குத்தான் சட்டம் தேவைப்படுகிறது. தண்ணீர் தீங்கு செய்யும் என்று டாக்டர் சொன்னால் தயம்மும். கட்டுப் போட்ட இடத்தில் அதற்குரிய முறை. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழலாம். நோன்பால் உயிருக்கோ சிகிச்சைக்கோ கேடு வரும் என்றால் நோற்கக் கூடாது. விவரங்களை அவரவர் மத்ஹபுப்படி ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதினைந்து வயதுப் பையன்கள் ரோஷத்தோடு நோன்பு வைத்துக்கொண்டு மாத்திரையை மறைத்து வைப்பதுண்டு. அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதும் இபாதத்தே என்று அவர்களிடம் ஆலிமே நேரில் போய்ச் சொன்னால்தான் கேட்பார்கள்.

வலி தாங்க முடியாத கட்டத்தில் டாக்டர்கள் மார்ஃபின் கொடுக்க நினைத்தால், போதைப் பொருளாயிற்றே, ஹராமாயிற்றே என்று தயங்குகிற பெற்றோர் உண்டு. வலியைப் போக்கத் தேர்ந்த டாக்டர் அளந்து கொடுக்கும் மருந்து வேறு, போதைக்காக உட்கொள்வது வேறு. உறுப்பை வெட்டி அகற்றும்போது வலி தெரியாமலிருக்க அறிவை மயக்கும் மருந்து கொடுப்பதைப் பற்றி நம் ஷாபிஈ ஃபிக்ஹு நூல்களிலேயே பேசப்பட்டு, அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 1985-ம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தால் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கே மார்ஃபின் கிடைப்பது அரிதாகிவிட்டது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். சட்டமே விட்டுக்கொடுத்ததை, மார்க்கத்தின் பெயரால் நாம் பிள்ளைக்கு மறுக்கக் கூடாது.

பேச அஞ்சும் பேச்சு

எல்லாப் பிள்ளைகளும் பிழைத்துவிடுவதில்லை. டாக்டர் கையை விரித்த பிறகு, பிள்ளையே "உம்மா, நான் மவ்த்தாயிடுவேனா?" என்று கேட்டால் என்ன செய்வது? வாயைப் பொத்தி, "அப்படிச் சொல்லாதே" என்பதுதான் நாம் அறிந்த ஒரே வழி. ஸ்வீடன் நாட்டில் புற்றுநோயால் பிள்ளையை இழந்த பெற்றோர்களிடம் விசாரித்து 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளையோடு மரணத்தைப் பற்றிப் பேசியதாகச் சொன்ன 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை. பேசாமல் இருந்துவிட்ட 258 பேரில் 69 பேர், பேசாமல் போனோமே என்று வருந்தினார்கள். ஆகிரத்தை ஈமானில் ஒரு பகுதியாக வைத்திருக்கும் நமக்கு அவர்களைவிடப் பேச அதிகம் இருக்கிறது.

"தூங்குவது மாதிரி" என்று சொல்லாதீர்கள். பிள்ளை தூங்கவே பயப்படும். "அல்லாஹ்வுக்கு ஒன்ன ரொம்பப் புடிச்சிருக்கு, அதான் கூப்பிட்டுக்கிறான்" என்றும் சொல்லாதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கும் தங்கை, அல்லாஹ்வுக்குத் தன்னைப் பிடித்துவிடக் கூடாதே என்று அஞ்சும். நாயகம் (ஸல்) அவர்கள் தாம் கண்ட நீண்ட கனவை ஸஹாபாக்களிடம் விவரித்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. பசுமையான ஒரு தோட்டம். அதன் நடுவே தலையை அண்ணாந்து பார்த்தாலும் எட்டாத உயரத்தில் ஒரு மனிதர். அவரைச் சுற்றி எண்ணிலடங்காக் குழந்தைகள். அவர் இப்ராஹீம் நபி (அலை) என்றும், அக்குழந்தைகள் சிறு வயதில் மரித்தவர்கள் என்றும் விளக்கப்பட்டது. பிள்ளைக்குச் சொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும்? "அங்க வலி இருக்குமா?" என்று கேட்கும். இருக்காது. "நீங்க வருவீங்களா?" என்று கேட்கும். இன்ஷா அல்லாஹ் வருவோம். மகனை இழந்து வருந்திய ஒரு ஸஹாபியிடம், சுவர்க்கத்தின் எந்த வாசலுக்குப் போனாலும் அவன் அங்கே முந்தி வந்து காத்திருப்பதை நீர் விரும்பவில்லையா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதை நஸாயீ பதிவு செய்திருக்கிறார்கள்.

பிள்ளை எதுவும் கேட்காமல் இருந்தால், நாமாக இழுத்து வைத்துச் சொற்பொழிவு செய்ய வேண்டியதில்லை. அது பேச வரும்போது வாயைப் பொத்தாமல் இருந்தால் போதும்.

வீட்டில் இருப்பவர்கள்

தாயும் தகப்பனும் ஆஸ்பத்திரியே கதியாகிவிட, ஊரில் மாமி வீட்டிலும் சாச்சா வீட்டிலும் விடப்பட்ட மற்றப் பிள்ளைகளை யாரும் நினைப்பதில்லை. அவர்களுக்கும் பயம் உண்டு. நான் அடித்ததால்தான் தம்பிக்கு இப்படி ஆயிற்றோ என்று ஒரு லாத்தா தனக்குள் மறுகிக்கொண்டிருக்கலாம். பிள்ளைகளிடையே நீதம் செலுத்த வேண்டும் என்ற கட்டளை நோய்க் காலத்தில் தள்ளுபடியாகிவிடவில்லை. தினமும் ஒரு தடவை போனிலாவது அவர்களோடு பேசட்டும்.

சென்னை அடையாற்றில், தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் தொடங்கப்பட்ட புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் தென் மாவட்டங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டு வருகிறார்கள். மருந்துச் செலவுக்கு அரசுக் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. மாதக்கணக்கில் தங்குவதற்கான வாடகை, சாப்பாடு, பயணச் செலவு, தகப்பனின் இழந்த கூலி ஆகியவைதான் குடும்பத்தை முறிக்கின்றன. பலர் சிகிச்சையைப் பாதியில் விட்டு ஊர் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜகாத்தைச் சில்லறையாக மாற்றி வாசலில் வந்தவர்க்கெல்லாம் பங்கிடும் ஜமாஅத்துகள், தகுதியுள்ள இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் ஓராண்டு வாடகையை ஏற்றுக்கொண்டால் என்ன? தகப்பன் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியும். ஆலிம்கள் எவ்வளவு ஆறுதல் சொன்னாலும் அதற்கு ஈடாகாது.

சிகிச்சை முடிந்து திரும்பி வரும் பிள்ளைகள் இன்று நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் மறுபடி மக்தபுக்கு வரும்போது உஸ்தாதுகள் சில விஷயங்களை அறிந்திருக்க வேண்டும். சில மருந்துகளும், தலைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சும் சில பிள்ளைகளின் ஞாபக சக்தியைச் சற்று மந்தப்படுத்தக்கூடும். முன்பு ஒரே நாளில் ஒரு பக்கம் மனனம் செய்த பையன் இப்போது மூன்று வரியில் திணறினால் அது சோம்பல் அல்ல. கூட ஓதியவர்கள் ஐந்து ஜுஸ்வு முந்திப் போயிருப்பார்கள். அவர்கள் முன்னால் வைத்து ஒப்பிட்டுப் பேசாதீர்கள். விட்ட இடத்திலிருந்தே ஓதட்டும். தலையில் முடி முளைக்கும் வரை தொப்பியைக் கழற்றச் சொல்லாதீர்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை கண்டால் அன்றே அவன் வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள்.